ரெண்டு பேர், ஒரு சீட்

மே 31, ஞாயிறு. போடி

வினோதினி லண்டன்ல இருந்து போன் போட்டா. என் அக்கா மக. அங்க ஒரு விமானக் கம்பெனியில கவுண்டர் வேலை பாக்குறா. வர்ற ஞாயித்துக்கிழமை அவளுக்குக் கல்யாணம். "மாமா, விசா வந்துருச்சுல்ல, உங்களுக்குப் பாஸ் போட்டுட்டேன், கிளம்பி வாங்க"ன்னா.

பாஸ்னா என்னன்னு கேட்டது தப்பாப் போச்சு, பெரிய பாடமே எடுத்துட்டா. கம்பெனியில வேலை பாக்குறவங்க தங்களோட சொந்தக்காரங்களுக்கு வாங்கித் தர்ற டிக்கெட்டாம். சும்மா மாதிரிதான். ஆனா சீட் உறுதி கிடையாது. காசு கொடுத்தவன் எல்லாம் ஏறின பிறகு காலி இருந்தாக் கூப்பிடுவாங்க. இல்லாட்டி மறுநாள் வந்து மறுபடியும் நிக்கணும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தா இலை போடுற கதை. இந்தச் சுருளிவேல் கடைசிப் பந்தியில உக்காந்து பழக்கப்பட்டவன் இல்ல. இருந்தாலும் பிள்ளை ஆசையாக் கூப்பிடுது.

காசு கொடுத்தே போகலாம்னு பார்த்தேன். லீவு முடிஞ்சு திரும்புற கூட்டமாம், கல்யாணத்துக்கு முன்னாடி போய்ச் சேர்ற மாதிரி எதுலயும் இடம் இல்லைன்னுட்டான் தேனி டிராவல்ஸ்காரன்.

பாஸுக்குச் சட்டதிட்டம் வேற. லுங்கி கூடாது. கையில தூக்குற பை ஒண்ணுதான். கவுண்டர்ல போய் நச்சரிக்கக் கூடாது. "முக்கியமா, கத்தக் கூடாது மாமா. நீங்க கத்தினா என் பேர்லதான் புகார் வரும். பாஸைப் பிடுங்கிருவாங்க, வேலைக்கே வேட்டு வச்சாலும் வைப்பாங்க."

"நான் எப்பம்மா கத்தினேன்?"

"இப்பக் கத்துறீங்களே மாமா."

எங்க சனத்துல தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிப் போய் உக்கார வச்சாத்தான் பொண்ணு மணையேறுவா. அப்பன் இல்லாத பிள்ளை வேற. அதனால போறேன்.

ஒண்ணை மட்டும் தெளிவா எழுதி வைக்கிறேன். நான் வினோவுக்காகத்தான் போறேன். அவ அம்மா பவுனு அக்காவுக்காக இல்ல. அதுகூடப் பேசி ஆறு வருசம் ஆச்சு. ரெண்டு வருசமா லண்டன்ல மக வீட்டுலதான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

ஜூன் 1, திங்கள்

சிமெண்ட் கடைச் சாவியைக் கணக்குப்பிள்ளை கிட்டக் கொடுத்தாச்சு. இந்திராணிக்கு முட்டி ஆபரேசன் பண்ணி ஆறலை, அவ வரமுடியாது. உக்காந்த இடத்துல இருந்தே பையை அடுக்கினா. வினோவுக்குப் பட்டுச்சேலை, வெள்ளிக் குங்குமச் சிமிழ், அப்புறம் மாமன் மாலை. பூ மாலை வாடிப் போகும்னு ஏலக்காய் மாலையாவே கட்டச் சொல்லிட்டேன். நம்ம ஊர்ச் சரக்கு, குண்டு குண்டா, பச்சைப் பசேல்னு. பையைத் திறந்தா வீடே மணக்குது.

அடியில கிடந்த இன்னொரு சேலையை இந்திராணி எடுத்து விரிச்சுப் பார்த்தா. "இது யாருக்குங்க?"

"பட்டு எடுத்ததுக்கு இனாமாக் கொடுத்தான்."

"இனாமா? கும்பகோணம் கரை போட்டு, மாம்பழக் கலர்ல, உங்க அக்கா எப்பவும் கட்டுற மாதிரியே தேடிப் பிடிச்சு இனாமாக் கொடுத்தானா?"

இவளுக்கு வாய் ஜாஸ்தி. ராத்திரி பஸ்ஸு.

ஜூன் 2, செவ்வாய். சென்னை

ஏர்போர்ட்ல கவுண்டருக்குப் பக்கத்துல நாற்காலி போட்டிருக்கு. பாஸ்காரங்க எல்லாம் அங்கதான் காத்திருக்கணும். போனேன். முதல் நாற்காலியில ராசாங்கம் உக்காந்திருக்காரு.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. எப்பவும் வேட்டிதான் கட்டுற மனுசன் பேண்ட் போட்டு, சட்டையை உள்ள விட்டு, பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவரும் என்னையப் பார்த்தாரு. நான் கடைசி நாற்காலிக்குப் போயிட்டேன்.

இந்த ஆள் யாருன்னு எழுதணும்னா வயித்தெரிச்சல்தான் வருது. பவுனு அக்கா வீட்டுக்காரரோட அண்ணன். வினோவுக்குப் பெரியப்பா. கூட்டுறவு பேங்குல இருந்து ரிட்டையர் ஆனவரு. ஆறு வருசத்துக்கு முந்தி வினோவோட அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிக்கை அடிச்சது இவருதான். தாய்மாமன் பேரு எங்க இருக்கணும்? பெத்தவங்களுக்கு அடுத்து இருக்கணும். இவரு போட்டது கடைசி வரியில. 'மற்றும் உற்றார் உறவினர்'ங்கிறதுக்கு ஒரு வரி மேல. தேடிக் கண்டுபிடிக்க நான் கண்ணாடி எடுக்க வேண்டியதாப் போச்சு. மண்டபத்துல வச்சுக் கேட்டேன். "அச்சகத்துல மாத்திட்டாய்ங்க மாப்ள"ன்னு சிரிச்சாரு பாருங்க, அந்தச் சிரிப்புதான். மாலையை மட்டும் போட்டுட்டு, பந்தியில உக்காராம இறங்கி வந்துட்டேன். அக்கா வாசல் வரைக்கும் ஓடி வந்துச்சு. "ஒரு வாய் சாப்பிட்டுப் போடா"ன்னுச்சு. நான் திரும்பிப் பாக்கல. அன்னைக்கு அது அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல.

அக்கா வீட்டுக்காரர் இறந்தப்பக்கூடப் பொறந்த வீட்டுக் கோடித்துணியைப் போட்டுட்டு வந்ததோட சரி. அக்கா என் கையைப் பிடிச்சுச்சு. நான் உதறல. பேசவும் இல்ல.

வினோ கெட்டிக்காரி. இந்தக் கல்யாணப் பத்திரிக்கையில பொண்ணு மாப்பிள்ளை பேரைத் தவிர ஒருத்தர் பேரும் இல்ல. ஆனா இந்த ஆளையும் பாஸ்ல கூப்பிட்டதை என்கிட்டச் சொல்லலையே! அவர் சம்சாரம் போன மாசமே இதே மாதிரி பாஸ்ல போய்ச் சேர்ந்தாச்சாம்.

இன்னைக்கு விமானம் நிறைஞ்சிருச்சு. கவுண்டர்ல இருக்கிற பொண்ணு வந்து, "நாளைக்கு வாங்க சார்"னு சொல்லிட்டுப் போச்சு. சட்டையில ரெஜினான்னு பேர் இருந்துச்சு. பல்லாவரத்துல ஒரு லாட்ஜ். கொசு.

ஜூன் 3, புதன்

அந்த ஆளுக்கு முன்னாடி போய் நிக்கணும்னு இட்லியைக்கூட முழுசாத் தின்னாம ஆட்டோ பிடிச்சேன். போய்ப் பார்த்தா முதல் நாற்காலியில அவரு! எந்நேரம் வந்தாரோ. சரி, கவுண்டர்ல பேர் கொடுக்கிறதுலயாவது முந்துவோம்னு போனா, "உங்க பேர் ஏற்கனவே போட்டாச்சு சார், பெரியவர் வந்து சொல்லிட்டார்"ங்குது ரெஜினா. என் பேரைச் சொல்ல அவரு யாரு?

கவுண்டர் மூடுற நேரம். அந்தப் பொண்ணு எங்க பக்கம் வந்துச்சு. நேரா ராசாங்கத்துக்கிட்டப் போய் என்னமோ மெதுவாக் கேட்டுச்சு. அவரு என்னைய ஒரு தடவை பார்த்தாரு. அப்புறம் தலையை ஆட்டி என்னமோ சொன்னாரு. அது திரும்பிப் போய், எங்களுக்குப் பின்னாடி வந்து உக்காந்த ஒரு பயலை, காதுல மிஷினை மாட்டிக்கிட்டு ஆடிக்கிட்டிருந்தவனை, கூப்பிட்டு அனுப்பிருச்சு.

எனக்கு உச்சியில ஏறிருச்சு. எந்திரிச்சுப் போய்க் கவுண்டர்ல கையை ஊணிட்டேன். வாயைத் திறந்துட்டேன். அந்தப் பொண்ணு நிமிர்ந்து பார்த்துச்சு. அப்பத்தான் வினோ சொன்னது காதுல விழுந்துச்சு.

"குடிக்கத் தண்ணி எங்கம்மா இருக்கு?"ன்னு கேட்டேன்.

"அந்தத் தூணுக்குப் பின்னாடி சார்."

போய்க் குடிச்சேன். அம்பத்தெட்டு வயசுல ஒரு கோவத்தை முழுங்கினது இன்னைக்குத்தான் முதல் தடவை. நல்லாவே இல்ல.

வெளிய வந்து வினோவுக்குப் போன் போட்டேன். "அந்த ஆளை எதுக்கும்மா கூப்பிட்ட? எனக்கு இடம் கிடைக்காமப் பண்ணிக்கிட்டிருக்காரு."

வினோ சொன்னா, "மாமா, எனக்கு அப்பா இல்ல. தாரை வார்க்கப் பெரியப்பா வேணும். மாலை போட நீங்க வேணும். இதுல எதை விடச் சொல்றீங்க?"

"அம்மா பக்கத்துலதான் இருக்கு, பேசுறீங்களா?"ன்னு கேட்டா. சிக்னல் போயிருச்சு.

ஜூன் 4, வியாழன்

இன்னைக்கும் இல்ல. இன்னைக்கும் ரெஜினா அவர்கிட்டப் போய்க் கேட்டுச்சு, இன்னைக்கும் தலையை ஆட்டினாரு. வேற ஒரு அம்மா ஏறிப் போயிருச்சு.

லாட்ஜ்காரன்கிட்டக் கொசுவுக்காகச் சண்டை போட்டேன். அங்க கத்தலாம்ல.

ஜூன் 5, வெள்ளி

நாளைக்குள்ள ஏறலைன்னா முகூர்த்தம் போச்சு. இன்னைக்கு என்ன ஆனாலும் சரின்னு கவுண்டருக்குப் போனேன். கையைக் கட்டிக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் கணக்கா நின்னு கேட்டேன். "அம்மாடி, கோவிச்சுக்காதம்மா. எங்களுக்குப் பின்னாடி வந்தவங்க எல்லாம் போறாங்களே, என்ன காரணம்?"

அந்தப் பொண்ணுக்கும் பாவம்னு ஆயிருச்சு போல. "சார், உங்க ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டுல பேர் போட்டிருக்காங்க. ரெண்டு பேரும் சேர்ந்து போற குடும்பம்னு. ரெண்டு சீட் இருந்தாத்தான் கூப்பிட முடியும். புதனும் வியாழனும் ஒரே ஒரு சீட் இருந்துச்சு. பிரிச்சு ஒருத்தர் போறீங்களான்னு பெரியவர்கிட்டக் கேட்டேன். பிரிக்க வேண்டாம்னுட்டார். அவர் பேருதான் முதல்ல இருக்கு, அதனால அவரைத்தான் கேக்கணும்."

இங்கயும் அவர் பேருதான் முதல்ல! சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கண்ணு ரெண்டும் இருட்டிக்கிட்டு வந்துச்சு. எனக்குக் கிடைச்சிரக் கூடாதுன்னு ரெண்டு நாளா சீட்டை வேண்டாம்னுருக்காரு மனுசன்.

நேராப் போய் அவர் முன்னாடி நின்னேன். ஆறு வருசத்துல முதல் பேச்சு. கத்த முடியாது, அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டு, காதோட காதா.

"என்ன மனசுய்யா உங்களுக்கு? நான் போகக் கூடாதுன்னு தானே பிரிக்க வேண்டாம்னீங்க?"

அவரும் சத்தமில்லாமத்தான் பேசினாரு. அவருக்கும் வினோ அதே பாடத்தை எடுத்திருக்கா. "உக்காரு."

"உக்காரல."

"பிரிச்சா யாரு மாப்ள போவா? மேல இருக்கிறது என் பேரு. என்னையத்தான் அந்தப் பொண்ணு ஏத்தி விடும்."

"ஏறிப் போக வேண்டியதுதானே?"

"போய்?" ராசாங்கம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "உன்னைய இங்க உக்கார வச்சுட்டு நான் மட்டும் போய் இறங்குனா உங்க அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? 'மறுபடியும் என் தம்பியைக் கீழ தள்ளிட்டு நீங்க முன்னாடி வந்துட்டீங்களா'ன்னு அது கேட்டா நான் என்ன சொல்ல? ஒரு தடவை உன் பேரைக் கீழ போட்டதுக்கே ஆறு வருசம் அந்தப் பிள்ளை என்கிட்ட முகங்கொடுத்துப் பேசல, தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. அக்கா அவர்கிட்டப் பேசலைங்கிறது எனக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லல. யாரு சொல்லுவா, நான்தான் அக்கா பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவேனே.

போய் டீ வாங்கினேன். ரெண்டு. ஒண்ணை அவர் பக்கத்து நாற்காலியில வச்சேன். அவருக்குச் சர்க்கரை இருக்குன்னு ஞாபகம் வந்து, திரும்பப் போய் சீனி இல்லாம மாத்திக்கிட்டு வந்தேன்.

ஒரே டிக்கெட்டுல போட்டதுக்கு வினோவைத் திட்டணும்னு போன் போட்டேன். "ஒண்ணாப் போட்டாத்தான் ஒண்ணா வருவீங்கன்னு நினைச்சேன் மாமா"ன்னு அழுதுட்டா. திட்டல.

இன்னைக்கு ஒரு சீட்டுமே இல்ல.

ஜூன் 6, சனி

இதை லாட்ஜ்ல எழுதுறேன். தொண்டை கட்டிப் போச்சு.

காலையில இருந்தே நானும் அவரும் அடுத்தடுத்த நாற்காலிதான். பேச்சு ஒண்ணும் பெருசா இல்ல. "மாத்திரை போட்டியா?"ன்னு கேட்டாரு, "போட்டேன்"னேன். ரெண்டு பேரும் கவுண்டரையே பார்த்துக்கிட்டிருந்தோம். ஒரு குடும்பம் ஓடி வந்துச்சு, அஞ்சாறு பேரு. அதுக வராமப் போயிரக் கூடாதான்னு மனசுல நினைச்சேன். பாவம்தான். இருந்தாலும் நினைச்சேன்.

மூடுற நேரத்துக்கு ரெஜினா வந்துச்சு. முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சு போச்சு. "சார், ஒண்ணுதான். இன்னைக்காவது பிரிச்சுருவோமா? சீக்கிரம் சொல்லணும், இமிகிரேஷனுக்கு ஓடணும்."

"பிரிச்சிரும்மா"ன்னாரு ராசாங்கம். "என் பேரு முதல்ல இருந்தாலும் விட்டுத் தர்றேன், இவர் போவாரு. தாய்மாமன் இல்லாமப் பொண்ணு மணையேறக் கூடாது."

நான் ஒத்துக்கிட்டிருக்கலாம். அஞ்சு நாளாக் காத்திருந்தது அதுக்குத்தான். முதல் ஆளாப் போய் இறங்கியிருக்கலாம், அந்த ஆளை இங்க உக்கார வச்சுட்டு. ஆறு வருசமா மனசுக்குள்ள இதைத்தான் எத்தனையோ விதமா ஓட்டிப் பார்த்திருக்கேன்.

"மாலையை யாரு வேணாலும் போட்டு விடலாம். தாரை வார்க்கிற கை அப்பன் வீட்டுக் கையா இருக்கணும். நீங்க போங்க"ன்னேன்.

"நீ போ மாப்ள."

"நீங்க போங்க."

"நான் போக மாட்டேன். உங்க அக்கா..."

"சார், நேரம்!" ரெஜினா.

"ஒரு தடவை சொன்னாப் புரியாதா உங்களுக்கு?" கத்திட்டேன். ஏர்போர்ட்டே திரும்பிப் பார்த்துச்சு. நிப்பாட்ட முடியல. "அப்பன் இல்லாத பிள்ளைய்யா! மணையில தனியா உக்காந்து வாசலைப் பார்த்துக்கிட்டிருக்கணுமா அது? போங்க மச்சான்! எந்திரிங்க, போங்க மச்சான்!"

துப்பாக்கி வச்சிருந்த போலீஸ்காரர் ஓடி வந்துட்டாரு. ரெஜினா வெலவெலத்துப் போயிருச்சு. போச்சு, வினோ வேலை போச்சுன்னு நினைச்சேன்.

"என்ன சார், சண்டையா?"ன்னு கேட்டாரு போலீஸ்காரர்.

"சண்டை இல்ல தம்பி"ன்னாரு ராசாங்கம். கண்ணைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சாரு. "மாப்ள என்னைய வழியனுப்புறாரு. எங்க ஊர்ல இப்படித்தான்."

ரெஜினா சிரிச்சிருச்சு. "நான் ஒண்ணும் எழுத மாட்டேன், முதல்ல ஓடுங்க"ன்னு அவரைக் கையைப் பிடிச்சு இழுத்துச்சு. நான் பையைத் திறந்து பட்டுச்சேலை, சிமிழ், மாலை மூணையும் அவர் பையில திணிச்சேன். ஏலக்காய் வாசம் போலீஸ்காரர் வரைக்கும் போயிருச்சு. "மாலையைக் கசக்கிராதீங்க, மேல வைங்க"ன்னு பின்னாடியே சொல்லிக்கிட்டுப் போனேன், கயிறு கட்டி மறிச்சிருந்த இடம் வரைக்கும்.

மாம்பழக் கலர் சேலையைக் கொடுக்கல. மறந்துட்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

இந்திராணி காலையில போன் போட்டு, "மத்தியான ரயிலுக்கு வர்றீங்களா, ராத்திரி பஸ்ஸா?"ன்னா. பாப்போம்னேன். லாட்ஜைக் காலி பண்ணிட்டு, வேற வேலை இல்லாததால ஏர்போர்ட் பக்கம் போய் உக்காந்தேன். முதல் நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு. பழக்கதோசத்துல கடைசிக்கே போயிட்டேன்.

ரெஜினா பார்த்துட்டு வந்துச்சு. "என்ன சார் நீங்க? இன்னைக்குத்தானே கல்யாணம்? இப்ப ஏறினாலும் அங்க எல்லாம் முடிஞ்சிருக்குமே."

"முடிஞ்சா முடியட்டும்மா. என் பேரைப் போட்டு வை."

"அப்புறம் எதுக்கு சார் போறீங்க?"

பையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டேன். ரெஜினா போய்ப் பேரைப் போட்டுக்கிச்சு.

அங்க முகூர்த்த நேரம், இங்க கவுண்டர் மூடுற நேரம். போன் அடிச்சுச்சு. மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அப்புறம் ராசாங்கம் குரலு.

"மாப்ள! மாலையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். பொண்ணு முன்னாடி நிக்குது. நீ சொன்னாத்தான் போடுவேன்."

"என்ன மச்சான் இது? நேரமாகுது, போடுங்க."

"கேக்கல. இங்க எல்லாருக்கும் கேக்கணும், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். தாய்மாமன் சொல்லு."

எந்திரிச்சு நின்னேன். யாரு பார்த்தா என்ன. "போடுங்க மச்சான்! என் மருமகளுக்கு மாலையைப் போடுங்க!"

குலவைச் சத்தம் கேட்டுச்சு. வினோ "மாமா"ன்னு கூப்பிட்டது கேட்டுச்சு. அப்புறம் போன் கை மாறுற சத்தம். மேளம் தூரமாப் போச்சு. யாரோ ஓரமா வந்து நிக்கிற மாதிரி, மூச்சு மட்டும் கேட்டுச்சு. எனக்கு அந்த மூச்சுத் தெரியும்.

"சுருளி."

வாயைத் திறந்தா அழுதுருவேன்னு பயம். ஏர்போர்ட்ல அழக் கூடாதுன்னு வினோ சொல்லல, இருந்தாலும்.

"சாப்பிட்டியாடா?"ன்னுச்சு அக்கா.

ஆறு வருசம் கழிச்சுக் கேக்குற கேள்வியைப் பாருங்க.

"இல்லக்கா. அங்க வந்து சாப்பிடுறேன்"னேன்.

"வா. இலை போட்டு வைக்கிறேன்"னுச்சு. போனை வைக்கவே இல்ல. நானும் வைக்கல. ரெஜினா கவுண்டர்ல இருந்து கையை ஆட்டிக் கூப்பிடுறப்பத்தான் நிமிர்ந்தேன். "சுருளிவேல் சார்! ஒருத்தர்தானே? ஓடி வாங்க!"

இதை விமானத்துல உக்காந்து எழுதுறேன். கடைசி வரிசை, நடு சீட்டு, ரெண்டு பக்கமும் ஆளு. இப்பத்தான் தட்டுல சாப்பாடு கொண்டு வந்தாங்க. நல்லாத்தான் மணந்துச்சு. வேண்டாம்னு சொல்லிட்டேன்.